கறுப்புக் கல்லின் வீடு

ஹாதூர் மாதம், 4

ஆற்று வெள்ளம் இறங்குகிறது. வாய்க்கால் ஓரமெல்லாம் சேறு, செத்த மீன் நாற்றம். காலையில் எண்ணெய்க்காரி மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பிறந்த நேரம் என்ன என்று கேட்டால் "மாடு கத்தினப்போ" என்கிறாள். எந்த மாடு, எப்போது கத்தியது? இந்த ஊரில் மாடு கத்தாத நேரம் உண்டா? அக்கம்பக்கத்தில் விசாரித்து, ரொட்டி அடுப்பு மூட்டிய வேளை என்று பிடித்து, ராசிப் பலகையை விரித்துக் கிரகத்துக்கு ஒரு கல் வைத்துப் பலன் சொன்னேன். போகும்போது, "இருந்தாலும் கோயில்காரர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் பாட்டி" என்றாள்.

கேட்டுக்கொள்ளட்டும். செத்துப்போன அவள் அம்மாவும் இப்படித்தான். என் சல்லடையை வாங்கிப்போய் ஓட்டையோடு திருப்பித் தந்தவள். அந்த ஓட்டை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்பா சொல்லிக்கொடுத்த எழுத்து கொஞ்சம்தான். கிரகத்தின் பேர், ராசியின் பேர், மாதம், நாள். மீதியை நானே கூட்டிக்கொண்டேன். உடைந்த பானைக்கு இந்த வீட்டில் குறைச்சல் இல்லை, அதனால் ஓட்டில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் ஊர் முழுக்கப் போகும்.

ஹாதூர், 7

தயேசிஸைப் பார்க்கப் போனேன். என் பேத்தி. அவளைப் பெற்றுப்போட்ட அன்றே என் மகள் தமூஸ்தா போய்விட்டாள், அதனால் வளர்த்தது நான்தான். இப்போது வயிறு கீழே இறங்கிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. முள்ளங்கி எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

குதிரைக்காரர் வீட்டில் கொடுத்தது என் தப்பா? அப்போது எல்லோரும் என் அதிர்ஷ்டம் என்றார்கள். கிரேக்க வீடு, பாட்டன் முப்பாட்டன் ராஜாவின் குதிரைப்படையில் இருந்து நிலம் வாங்கியவர்கள். இப்போது குதிரை இல்லை, பெருமை மட்டும் இருக்கிறது. மாப்பிள்ளை மரோன் நல்லவன்தான், ஆனால் அவன் அம்மா லயோதிகே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவான்.

இன்றைக்கு லயோதிகே அத்திப்பழம் உரித்துக்கொண்டே, ஏதோ பருப்பு விலை பேசுவது மாதிரிச் சொன்னாள்:

"மொதல்ல ஒரு பொண்ணு வந்துச்சு. வந்த வருஷமே வாய்க்கா கரை ஒடஞ்சு விதையெல்லாம் போச்சு. இன்னொண்ணும் பொண்ணுன்னா எனக்கு யோசிக்க வேண்டியிருக்கும் சம்பந்தி."

என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. தெரியும். எங்கள் ஆட்கள் பிறந்த பிள்ளையை வளர்ப்பார்கள், கோணலோ நேரோ. கிரேக்கர்கள் அப்படி இல்லை. பெற்றவன் பிள்ளையைக் கையில் ஏந்தி அடுப்பைச் சுற்றி நடந்தால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. நடக்காவிட்டால் குப்பைமேடு. ஊருக்கு வெளியே சாம்பலும் எலும்பும் கொட்டுகிற இடம். இந்த ஊரில் குப்பைமேட்டான் என்று பேர் வைத்த அடிமைகள் எத்தனை பேர் என் கண்ணெதிரில் நடமாடுகிறார்கள். அவர்களாவது எடுக்கப்பட்டவர்கள்.

ஹாதூர், 9

முதலைச்சாமி ஊர்வலம். நான் வாசலுக்குப் போகவில்லை. ஊர்வலத்தில் முன்னால் நாழிகைக்காரன் வருவான், கையில் பனை மட்டையும் அளவுகோலுமாக. அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

அந்த நாழிகைக்காரன் என் தம்பி ஒன்னோப்ரிஸ். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

ஊருக்கெல்லாம் மறந்துபோயிருக்கும், எனக்கு மறக்காது. அப்பா கோயில் மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்து நாழிகை சொன்னவர். எங்கள் இரண்டு பேரையும் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு கிரகமாகப் பேர் சொல்வார். நான் கல் வைப்பேன். சூரியனுக்கு மஞ்சள் கண்ணாடி, நிலாவுக்குச் சிப்பி, செவ்வாய்க்குச் சிவப்பு, வெள்ளிக்கு நீல மணி, சனிக்குப் பாலைவனத்துக் கறுப்புக் கல். தம்பி தூங்கி விழுவான். அப்பா செத்தபின் அந்த இடம் தூங்கி விழுந்தவனுக்குப் போனது. பெண் கோயிலுக்குள் உட்கார முடியாது. அதை நான் பொறுத்துக்கொண்டேன். சட்டம் அப்படி, அவன் என்ன செய்வான்.

பொறுக்காதது வேறு. படகுக்காரன் ஹர்மியூசிஸ் என்னைக் கேட்டு வந்தான். எனக்கும் சம்மதம். ஜாதகம் பார்க்கத் தம்பி பலகையை விரித்தான். ஹர்மியூசிஸுக்குச் செவ்வாய் கும்பத்தில். எனக்குத் தெரியும், நான் முன்பே வைத்துப் பார்த்திருந்தேன். தம்பி அந்தச் சிவப்புக் கல்லைத் தள்ளிச் சிம்மத்தில் வைத்தான். "இவனக் கட்டிக்கிட்டா அக்கா ஒரு வருஷம் தாங்க மாட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். ஏன்? அவனுக்கு நாழிகைக்காரன் பதவி கொடுக்க வேண்டிய பூசாரி, தன் அக்கா மகன் பகெப்கிஸுக்கு என்னைக் கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

பகெப்கிஸ் கெட்ட புருஷன் இல்லை. குறட்டை விடுவார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவல்ல பேச்சு. கல்லைத் தள்ளி வைத்தான். ஊரெல்லாம் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. அவன் பெண்டாட்டி சாவுக்கும் போகவில்லை.

நான் யாருக்கும் ஒரு கல்லையும் தள்ளி வைத்ததில்லை. அழுதாலும் சரி, காலைப் பிடித்தாலும் சரி.

ஹாதூர், 12

சும்மா உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஹாதூர், 17

பெண்.

படகுகளைக் கட்டிவிட்டு ஆட்கள் ஏரியிலிருந்து ஏறி வந்த வேளை. சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு முடி, என் தமூஸ்தாவின் மூக்கு. வயிறு ஒட்டிப்போய், ஆனால் குரல் இருக்கிறதே, பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். தயேசிஸ் பிழைத்துக்கொண்டாள். அதற்கே நான் முதலைச்சாமிக்கு வாத்து நேர்ந்துகொண்டேன்.

தொப்புள்கொடியைக் கட்டிவிட்டு மாடிக்கு ஏறினேன். ஏன் ஏறினேன்? கிழக்கே பேரீச்ச மரங்களுக்குமேல் ரிஷபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அவன், மங்கலாக, கண் சிமிட்டாமல். சனி.

வீட்டுக்கு வந்ததும் பலகையை விரித்தேன். வைத்துப் பார்க்காமலே தெரியும், இருந்தாலும் வைத்தேன். உதயத்தில் சனி, நேர் எதிரே மறைகிற சூரியன். சூரியன் என்றால் அப்பன். அப்பனுக்கு எதிரே நின்று அவன் வீட்டு அடுப்பை அணைக்கிற பிள்ளை. யார் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வெள்ளி தனுசில் இருக்கிறது, வியாழன் கடகத்தில் உச்சம். அதெல்லாம் இருந்து என்ன?

ஹாதூர், 18

தயேசிஸ் மாமியாரின் காலில் விழுந்திருக்கிறாள். பெற்ற மறுநாள், ரத்தம் நிற்காத உடம்போடு. மரோன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். லயோதிகே கடைசியில், "நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? கோயில் நாழிகைக்காரர் வந்து பார்க்கட்டும். நல்ல நட்சத்திரம்னா மரோன் அடுப்பைச் சுத்தட்டும். இல்லன்னா யாரும் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாளாம்.

நான் போய், பலகையை நானே விரிக்கிறேன் என்றேன். சிரித்தாள்.

"நீங்க பொம்பளைங்களுக்குச் சொல்லுங்க சம்பந்தி, கறவை மாடு எப்ப ஈனும்னு. இது குடும்ப விஷயம். அதுவுமில்லாம நீங்க அந்தப் பிள்ளைக்குப் பாட்டியோட... என்ன முறை அது, எனக்கு எண்ணவே வரல. நீங்க நல்லதுதானே சொல்லுவீங்க?"

நான் பொய் சொல்வேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இத்தனை வருஷம் கல் தொட்ட கையைப் பார்த்து. திரும்பி வரும் வழியெல்லாம் பதில் தோன்றிக்கொண்டே இருந்தது, ஒன்றைவிட ஒன்று நல்ல பதில். என்ன பிரயோஜனம்.

நகரத்துச் சந்தையில் இரண்டு பெண்கள் பலகை விரித்து உட்காருகிறார்களாம், ஆண்களே வரிசையில் நிற்கிறார்களாம். உப்பு விற்க வந்தவன் சொன்னான். இந்த ஊர் அந்த ஊர் இல்லை.

ஹாதூர், 19

நானே போய்க் குப்பைமேட்டில் காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விடியும்வரை மனசில் கட்டி வைத்திருந்தேன். லயோதிகே அதையும் யோசித்துவிட்டாள். நட்சத்திரம் சரியில்லையென்றால் பிள்ளையைக் கழுதையில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பப்போகிறாளாம், அங்கே எத்தனை குப்பைமேடு, எது என்று யார் தேடுவார்கள். அடிமை வியாபாரியின் ஆட்கள் அங்கே முதலிலேயே நிற்பார்கள். இல்லாவிட்டால் நாய்.

இனி ஒரு வழிதான். எழுதவே கை கூசுகிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

போனேன்.

கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டிய வீடு. அப்பா இருந்த அதே வீடு. ஒன்னோப்ரிஸ் வெயிலில் பாய் போட்டு மடியில் முறத்தை வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். கண் முறத்தில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. விரல்தான் பொறுக்கியது. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினதுபோல் வெள்ளை. ஊருக்கு இது தெரியாது. தெரிந்தால் பதவி போய்விடும்.

எதிரே போய் நின்றேன். அவன் கை நின்றது.

"இப்படிக் கோவமா மூச்சு விடுறவ இந்த ஊருல ஒருத்திதான்" என்றான். "ஒக்காரு அக்கா."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பிள்ளை பிறந்த வேளை, சனி, சூரியன், லயோதிகே வைத்த நிபந்தனை. ரிஷபத்தில் இருக்கிற கறுப்புக் கல்லை ஒரு வீடு பின்னால் மேஷத்தில் வை, பன்னிரண்டாம் இடம் சனிக்குச் சந்தோஷமான இடம், கெடுதல் போய்விடும் என்றேன். உனக்குத்தான் பழக்கமான வேலையாயிற்றே என்றும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவன் முறத்தைக் கீழே வைத்தான்.

"ஒரு தடவ தள்ளி வெச்சேன். ஒரே ஒரு கல்லு. எங்க அக்கா போயிட்டா. என் பெண்டாட்டி செத்தப்போகூட வரல. அதுக்கப்புறம் எந்தக் கல்லையும் தள்ளல அக்கா. பெரிய பெரிய ஆளுங்க கேட்டாங்க. மாட்டேன்னேன். உன் பேத்திக்காக இப்ப தள்ளினா, இவ்வளவு வருஷம் நீ என்கூட பேசாம இருந்தது எதுக்கு?"

நான் வந்துவிட்டேன். வேறென்ன செய்வது. தெருமுனையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அயோக்கியனாக இருக்க வேண்டிய ஒரு நாளில் யோக்கியனாகிவிட்டான். ஆக்கிவிட்டது யார்? நான்தான். என் கோபம்தான் வந்து என் பேத்தி வாசலில் சுவராக நிற்கிறது.

ஹாதூர், 20

தயேசிஸ் பிள்ளையைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். பால் கட்டியிருக்கிறது. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைத்துவிட்டால் பிரியும்போது மனசு தாங்காது என்கிறாள்.

ஹாதூர், 21

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்னோப்ரிஸ் வந்தான். வெள்ளைத் துணி, மழித்த தலை, கையில் தந்தப் பலகை. யாரும் கண்ணைக் கவனிக்கவில்லை. கோயில் ஆட்கள் நிமிர்ந்து எங்கோ பார்த்துத்தானே நடப்பார்கள். லயோதிகே ஆசனம் போட்டாள், பார்லி மது வைத்தாள். மரோன், அவன் சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி. தயேசிஸ் வாசற்படியில், பிள்ளையோடு. நான் மூலையில்.

பலகையை விரித்தான். கற்கள் இருந்த பையை எடுத்தான். பிறகு பையை அப்படியே நீட்டி, "பொண் குழந்தைக்குத் தாய் வழியில மூத்தவதான் கல் வைக்கணும். நான் தொடக் கூடாது. யார் இருக்கா?" என்றான்.

இப்படி ஒரு வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. எந்தக் கோயிலிலும் இல்லை. அப்பா எத்தனை பெண் குழந்தைக்கு வைத்தார், ஒரு தடவையாவது யாரையாவது கூப்பிட்டாரா?

லயோதிகே புருவத்தைச் சுருக்கினாள். "மூத்தவளுக்குப் பார்த்தப்போ இப்படியெல்லாம் இல்லையே."

"மூத்தவளுக்கு யார் வந்து பார்த்தது?"

"நகரத்துக்காரர்."

"அதான்" என்றான். "அதான் கரை ஒடஞ்சிருக்கு."

அவ்வளவுதான். லயோதிகே நகர்ந்து எனக்கு வழி விட்டாள்.

நான் போய் உட்கார்ந்தேன். அவன் பேர் மட்டும் சொன்னான், அப்பா சொல்வது மாதிரி, இடம் சொல்லவில்லை. சூரியன் என்றான், வைத்தேன். நிலா. வெள்ளி. புதன். செவ்வாய். வியாழன். ஒவ்வொன்றும் அதன் வீட்டில், மயிரிழை பிசகாமல்.

சனி என்றான்.

கறுப்புக் கல் என் உள்ளங்கையில். சின்னக் கல், ஆனால் கை தூக்க வரவில்லை. ரிஷபம் முன்னாலேயே இருக்கிறது, காலியாக, அதற்காகக் காத்துக்கொண்டு. சாமி பார்க்கிறது என்று நினைத்தேன். அப்பா பார்க்கிறார் என்று நினைத்தேன். நாளைக்கு மரோனுக்கு ஏதாவது ஆனால்? நான் நம்புகிறேனே. ஊர்க்காரர்களைவிட நான்தானே இதை நம்புகிறேன். பொய்யென்று நினைத்திருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை.

அந்த நேரம் பிள்ளை அழுதது. பெரிதாக இல்லை. பசி அழுகை.

மேஷத்தில் வைத்தேன்.

அவன் கையை நீட்டினான். விரல்கள் பலகை மேல் நடந்தன, ஒவ்வொரு வீடாக, ஏதோ மந்திரம்போல். ரிஷபத்துக்கு வந்ததும் நின்றன. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தந்தம். அங்கேயே விரலை அழுத்திக்கொண்டு இருந்தான். இப்போது சொல்லலாம். எல்லோர் முன்னாலும், நான் அவனை ஊரெல்லாம் சொன்னதுபோல, என்னையும் சொல்லலாம். அவனுக்கு அதற்கு உரிமை உண்டு.

விரல் பின்னால் நகர்ந்தது. கறுப்புக் கல்லைத் தொட்டது. தடவிப் பார்த்தது.

"சனி பன்னிரண்டாமிடம்" என்றான். "அவருக்குச் சந்தோஷமான வீடு. அப்பனுக்கு ஒரு கெடுதலும் இல்ல. வியாழன் உச்சம். பிள்ளை வளரட்டும்."

மதுவைத் தொடாமல் எழுந்து போனான். வாசற்படி தடுக்கியது. நான்தான் கையைப் பிடித்தேன்.

ஹாதூர், 22

தம்பி கை அப்பாவின் கை மாதிரி ஆகிவிட்டது. எலும்பும் தோலும்.

ஹாதூர், 24

மரோன் அடுப்பைச் சுற்றி நடந்தான். பிள்ளையை ஏந்தத் தெரியவில்லை, தலை தொங்கியது, நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினோம். சுற்றி முடித்தபோது அவன் கன்னத்தில் தண்ணீர். அம்மாவைப் பார்க்காமல் அவன் செய்த முதல் காரியம் அந்த அழுகைதான்.

பேர் தமூஸ்தா. தயேசிஸ்தான் கேட்டாள். லயோதிகே, மூத்தவளுக்குத் தன் பேர் வைத்தாயிற்று, இதற்கு எது வைத்தால் என்ன என்றுவிட்டாள். வாசலில் ஆண் பிள்ளைக்குக் கட்டுகிற ஆலிவ் கிளை இல்லை, பெண் பிள்ளைக்குக் கம்பளி கட்டினார்கள். நல்ல கம்பளி.

எனக்கு எள் ரொட்டி கொடுத்தார்கள். அடியில் கருகியது. என்னுடையது மட்டும். நான் பார்த்தேன்.

கோயாக் மாதம், 2

மரோனுக்குக் காய்ச்சல். வயலில் தண்ணீரில் நின்றதாம். உடம்பு கொதிக்கிறது, பிதற்றுகிறான்.

மாடியில் ஏறினேன். இருட்டியதும் சனி தெரிகிறான், அதே இடத்தில், ரிஷபத்தில். நான் பலகையில் எங்கே வைத்தால் அவனுக்கு என்ன? என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது. இறங்கி வந்தேன், மறுபடி ஏறினேன். முழங்கால் போய்விட்டது.

கோயாக், 3

கொத்தமல்லியும் பூண்டும் கஷாயம் கொண்டுபோனேன். லயோதிகே மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. முதல் தடவையாக அவளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் பயம்தான், அவள் பயத்தைப் பிள்ளைமேல் இறக்கப் பார்த்தாள். நான் என் பயத்தை யார்மேல் இறக்குவது?

ஒன்னோப்ரிஸ் வீட்டுக்குப் போய், மரோன் செத்தால் நாம் கொன்றவர்கள் என்றேன். பருப்பு முறத்தை என் பக்கம் தள்ளினான். "ஒக்காந்து பொறுக்கு. கைக்கு வேலை இருந்தா மனசு கொஞ்சம் கம்மியா பேசும்." பிறகு, "அப்பாவும் ஒரு தடவ தள்ளி வெச்சிருக்கார்" என்றான். யாருக்கு என்று கேட்டேன். "எனக்கு. இல்லன்னா இந்தக் கோயில் வேலைக்கு என்னை எவன் சேர்த்திருப்பான்."

இதை என்னிடம் அப்பா சொல்லவேயில்லை. செத்தவரோடு எப்படிப் பேசாமல் இருப்பது?

கோயாக், 6

மரோனுக்கு வியர்த்துவிட்டது. கஞ்சி கேட்டான். உப்பு பத்தவில்லை என்று குறை சொன்னான். பிழைத்துக்கொள்வான்.

துபி மாதம், 11

காலையில் எண்ணெய்க்காரி மகள் மறுபடி வந்தாள், இந்தத் தடவை தங்கச்சியையும் புதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. பெண் பிள்ளை. கோயிலுக்குப் போகிறார்களாம், நானும் வர வேண்டுமாம். அவர்கள் பக்கம் மூத்தவள் யாரும் உயிரோடு இல்லை, அதனால் தாய் வழி முறையில் நான் வந்து கல் வைத்துத் தர முடியுமா என்றாள்.

"நாழிகைக்காரர் நம்ம வழக்கத்த விடமாட்டேங்கிறார் பாட்டி. ராஜாக்கள் காலத்துலேர்ந்து வர்றதாம். லயோதிகே அம்மா சொன்னாங்க."

லயோதிகே சொன்னாளாம். தலைத்துணியை மாற்றிக்கொண்டு போனேன்.

இந்த மாதத்தில் இது எத்தனையாவது என்று நான் எண்ணவில்லை. முதலில் கோயில் வாசலில் வைத்துத்தான் நடந்தது. காற்றில் மணல் வருகிறது என்று உள்ளே முதல் முற்றத்துக்குப் போனோம். யாரும் தடுக்கவில்லை. அப்பா உட்கார்ந்த தூணின் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டிருக்கிறது. ஒன்னோப்ரிஸ் பேர் சொல்கிறான், நான் வைக்கிறேன், அவன் விரலால் படிக்கிறான். அவன் கண் போனது இன்னும் ஊருக்குத் தெரியாது. என் கை இருக்கும்வரை தெரியாது.

எல்லாக் கல்லையும் அதனதன் வீட்டில்தான் வைக்கிறேன். எண்ணெய்க்காரி பேத்திக்கும் அப்படியே வைத்தேன். நல்ல ஜாதகம். அவள் பாட்டி என் சல்லடையில் போட்ட ஓட்டைக்கு அது தேவைக்கு அதிகம்.

முடிந்ததும் அவனுக்குப் பருப்பு பொறுக்கிக் கொடுத்தேன். படகுக்காரன் விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்ததாக அவன் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கிளம்பும்போது மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்தேன்.

வரும் வழியில் குதிரைக்காரர் வீட்டில் ஏறினேன். தமூஸ்தா லயோதிகே மடியில் பால் கக்கியிருந்தாள். நல்ல துணியில். லயோதிகே திட்டிக்கொண்டே துடைத்தாள், கீழே வைக்கவில்லை.

இருட்டியபிறகு மாடிக்கு ஏறவில்லை. ஏறாமலே தெரியும். அவன் ரிஷபத்தில்தான் இருக்கிறான்.